லூதர் மார்ட்டின்: தான் முன்மொழிந்த விதியிடமே தோற்ற வக்கீல்

மத்திய அரசு உருவாக்கிய வங்கி மீது மாநிலம் வரி போடலாமா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1819-ல் முடிவு செய்த மெக்கல்லோ வழக்கில் மேரிலாந்துக்காக வாதாடிய லூதர் மார்ட்டின் ஒரு குடிகாரர், வளவளவென்று பேசுபவர், அமெரிக்க அரசியல் சாசனத்தை முதலில் எதிர்த்துவிட்டுப் பிறகு பலமான மத்திய அரசை ஆதரித்த ஃபெடரலிஸ்ட் கட்சிப் பக்கம் சாய்ந்தவர் என்று படித்ததாகவும், அப்படிப்பட்டவரிடம் ஒரு மாநிலம் இவ்வளவு பெரிய வழக்கை ஏன் ஒப்படைத்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி வழக்கைப் பற்றியது போல இருந்தாலும், உண்மையில் நீங்கள் கேட்பது அந்த மனிதருக்கு ஒரு நிலையான கொள்கை இருந்ததா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். சட்ட மாணவர்களுக்கு ஒப்பீட்டு அரசியல் சாசனச் சட்டம் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் வரலாற்றாசிரியன் இல்லை. சாசனத்தை எழுதிய 1787 பிலடெல்பியா மாநாட்டின் குறிப்புகள், தீர்ப்புகள், அவரே அச்சிட்ட எழுத்துகள் ஆகியவற்றைப் படித்த அளவில்தான் பேச முடியும்.

முதலில் ஆள் யார் என்பது. நியூ ஜெர்சியில், நியூ பிரன்ஸ்விக் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு பெரும்பாலும் 1748 என்றே அச்சாகிறது, சிலர் 1744 என்கிறார்கள். இன்று பிரின்ஸ்டன் என்று அறியப்படும் கல்லூரியில் 1766-ல் பட்டம் பெற்றார். கையில் காசில்லை. மேரிலாந்தின் குயின்ஸ்டவுனில் பள்ளி வாத்தியாராக இருந்துகொண்டே சட்டம் படித்து, 1771-ல் விர்ஜினியாவில் வக்கீலானார். 1778-ல், சாமுவேல் சேஸ் சிபாரிசு செய்ய, கவர்னர் தாமஸ் ஜான்சன் அவரை மேரிலாந்தின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வக்கீலாக, நியமித்தார். அந்தப் பதவியில் 1805 வரை, சுமார் 27 ஆண்டுகள் இருந்தார். பிறகு 1818-ல் மறுபடி அதே நாற்காலிக்கு வந்தார். சேஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள், மார்ட்டினின் பிற்கால அரசியலில் பாதி அந்த நட்பிலிருந்து வந்ததுதான்.

இந்தத் தேதிகளிலேயே உங்கள் கேள்வியின் பாதிக்குப் பதில் இருக்கிறது. 1819-ல் மேரிலாந்து தேடிப் பிடித்து அமர்த்திய வக்கீல் அல்ல அவர். மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலே அவர்தான், வழக்கு அவர் மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். வேறு ஆளை அமர்த்த மாநிலம் நினைத்திருந்தாலும், 1787-ல் பிலடெல்பியா மாநாட்டின் உள்ளே உட்கார்ந்திருந்த இன்னொரு வக்கீலை அந்தப் பக்கத்துக்குக் கண்டுபிடித்திருப்பது சிரமம்.

இனி அவர் மேல் உள்ள புகார்கள். வளவளப்பு சந்தேகத்துக்கே இடமில்லாதது. 1787 ஜூன் 27 அன்று மாநாட்டில் எழுந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசினார். களைத்துவிட்டேன், மிச்சத்தை நாளை சொல்கிறேன் என்று உட்கார்ந்தார். சொன்னபடியே மறுநாளும் எழுந்தார். இதை, பலமான மைய அரசு கேட்ட விர்ஜினியாப் பிரதிநிதி ஜேம்ஸ் மாடிசன் மட்டும் எழுதியிருந்தால், எதிரணிக்காரர் குறிப்பு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நியூயார்க்கின் ராபர்ட் யேட்ஸும் குறிப்பு எடுத்திருக்கிறார். யேட்ஸ் மார்ட்டினைப் போலவே பலமான மைய அரசை எதிர்த்தவர். அவரே, வாதம் சிதறிக் கிடந்தது, முழுக்கப் பின்தொடர முடியவில்லை என்று எழுதிவைத்தார். ஜார்ஜியாவின் வில்லியம் பியர்ஸ் சக பிரதிநிதிகளைப் பற்றி எழுதிய சித்திரங்களில், மார்ட்டினுக்கு விஷய ஞானம் நிறைய உண்டு, ஆனால் கேட்பவர் பொறுமையைச் சோதிக்காமல் அவர் வாயைத் திறப்பதில்லை என்று இருக்கிறது. நண்பரும் எதிரியும் வேடிக்கை பார்த்தவரும் ஒன்றையே சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

குடியும் நிச்சயம்தான், குறைந்தபட்சம் பிற்காலத்தைப் பொறுத்தவரை. ஆனால் அதைச் சுற்றிப் பின்னப்பட்ட கதைகளைத் தனியாக வைக்க வேண்டும். இந்த வழக்கு முடியும்வரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டேன் என்று கட்சிக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ரொட்டியைப் பிராந்தியில் நனைத்துத் தின்றார் என்ற கதையை நீங்களும் படித்திருப்பீர்கள். உச்ச நீதிமன்றத்தில் நடந்த பிளெட்சர் எதிர் பெக் என்ற வழக்கில் அவர் நிதானம் இல்லாமல் வந்ததால்தான் விசாரணையைத் தள்ளிவைத்தார்கள் என்றும் சொல்வார்கள். நீதிமன்ற வராந்தாக்களில் வளரும் கதைகளின் வாடை இரண்டிலும் அடிக்கிறது. கட்டுரையில் இவற்றைச் சேர்ப்பதானால் 'சொல்லப்படுகிறது' என்று எழுதுங்கள். இதைவிட எனக்குப் பயனாகப் படுவது ரோஜர் டானியின் நினைவுக் குறிப்பு. பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான டானி, இளம் வக்கீலாக மேரிலாந்தில் மார்ட்டினை நேரில் பார்த்தவர். உடையில் ஒழுங்கு கிடையாது, பேச்சில் இலக்கணம் கிடையாது, தேவையில்லாததை எல்லாம் இழுத்துவந்து அலுப்பூட்டுவார், ஆனால் ஆழமான சட்ட அறிவு உள்ளவர், வழக்கின் பலமான புள்ளியை ஒருபோதும் தவறவிட மாட்டார் என்கிறார். டானி இதை எழுதியது முதுமையில். வண்ணம் கொஞ்சம் கூடியிருக்கலாம், ஆனாலும் வக்கீல் இன்னொரு வக்கீலை எடைபோட்டது என்பதால் அதற்கு மதிப்பு தருகிறேன்.

அடுத்து, அவர் அரசியல் சாசனத்தை எதிர்த்தார் என்பது. எதிர்த்தார்தான், ஆனால் வெறும் முட்டுக்கட்டை போட்டவர் அல்ல. மாநாட்டின் பெரிய சண்டை, மேல்சபையில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடமா, அல்லது மக்கள்தொகைப்படியா என்பது. ஜூலை 2 அன்று அந்த வாக்கெடுப்பு வந்தபோது, மேரிலாந்தின் இன்னொரு பிரதிநிதியான டேனியல் ஜெனிபர் இன்னும் அவைக்கு வந்திருக்கவில்லை. இருவரும் இருந்தால் கருத்து பிளந்து, மாநிலத்தின் ஓட்டு வீணாகும். ஜெனிபர் இல்லாததால் மார்ட்டின் ஒருவரே மேரிலாந்தின் ஓட்டை சம இடத்துக்குப் போட்டார். ஜார்ஜியாவின் ஓட்டு பிளந்தது. கணக்கு ஐந்துக்கு ஐந்து. தீர்மானம் ஜெயிக்கவில்லை, ஆனால் சாகவும் இல்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்க மாநிலத்துக்கு ஒருவர் என்று ஒரு குழு போட்டார்கள், அதிலும் மார்ட்டின் இருந்தார். இன்று வயோமிங்குக்கும் கலிபோர்னியாவுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம் என்று இருப்பதற்குக் காரணமான சமரசம் அந்தக் குழுவில்தான் உருவாயிற்று. அவரால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அன்று காலை ஜெனிபர் சீக்கிரம் வந்திருந்தால் பேரத்தின் போக்கு மாறியிருக்கும் என்பது மட்டும் நியாயமான ஊகம்.

இப்போது உங்கள் வழக்குக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம், 1787 ஜூலை 17. மாநிலச் சட்டங்களைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் காங்கிரஸுக்கு வேண்டும் என்பது மாடிசனின் பிடிவாதம். மாநிலச் சட்டமன்றம் எதை இயற்றினாலும் மத்தியில் உள்ளவர்கள் அடித்துவிடலாம். அன்று அது ஏழுக்கு மூன்று என்று தோற்றது. தோற்ற கையோடு மார்ட்டின் எழுந்து ஒரு மாற்றுத் தீர்மானம் கொண்டுவந்தார்: காங்கிரஸின் சட்டங்களும் ஒப்பந்தங்களும் அந்தந்த மாநிலங்களில் உச்சச் சட்டமாகும், மாநிலச் சட்டங்களில் என்ன இருந்தாலும் மாநில நீதிமன்றங்கள் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை. யாரும் எதிர்க்கவில்லை, நிறைவேறியது. ஆம், உச்சச் சட்ட விதியை மாநாட்டில் முன்மொழிந்தவர் மாநில உரிமைக்காக மல்லுக்கு நின்ற இதே லூதர் மார்ட்டின்தான். அவரே கண்டுபிடித்த வாசகம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஜூன் நடுவில் சிறிய மாநிலங்கள் சார்பில் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் வைத்த நியூ ஜெர்சித் திட்டத்தில் ஏறக்குறைய இதே ஏற்பாடு இருந்தது, அந்தத் திட்டத்தைத் தீட்டியவர்களில் மார்ட்டினும் ஒருவர்.

ஏன் இப்படிச் செய்தார்? வகுப்பில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். மார்ட்டினின் வாசகத்தில் காங்கிரஸ் சட்டம் மாநிலச் சட்டத்தை மட்டுமே வெல்லும், மாநிலத்தின் அரசியல் சாசனத்தையும் உரிமைப் பிரகடனத்தையும் வெல்வதாக அதில் இல்லை. தீர்ப்புச் சொல்லப்போவது மாநில நீதிபதிகள். உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே மத்திய அரசு தனி நீதிமன்றங்கள் வைக்காது என்பது அவர் மனக்கணக்கு. ஆக, மாடிசன் கேட்ட பெரிய அதிகாரத்தை வரவிடாமல் செய்ய, சின்னதாக, தன் ஊர் நீதிபதிகள் கையிலேயே இருக்கும்படியான ஒன்றைக் கொடுத்தார். பிறகு வாசகம் மாறிற்று. மாநில அரசியல் சாசனங்களும் பட்டியலில் சேர்ந்தன. ஆகஸ்ட் 23 அன்று தென் கரோலைனாவின் ரட்லெட்ஜ் கொண்டுவந்த திருத்தத்தால் 'இந்த அரசியல் சாசனமும்' என்பது விதியின் தொடக்கத்திலேயே ஏறியது. கீழ் நீதிமன்றங்களுக்கும் வழி திறந்தது. 1788-ல் பத்திரிகையில் 'நிலக்காரர்' என்ற புனைபெயரில் ஒருவர் இதைக் காட்டி மார்ட்டினைக் குத்தினார். மார்ட்டின் மேலே சொன்ன விளக்கத்தைத்தான் பதிலாக எழுதினார். சாசனம் வந்த பிறகு கற்பித்த சமாதானமா இது என்று கேட்கலாம். தீர்மானத்தின் வாசகமே அவர் சொல்வதோடு பொருந்துகிறது என்பதால் நம்புகிறேன்.

அடிமை வணிகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அவர் குறைபாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் அது. ஆகஸ்ட் 21 அன்று, அடிமைகளை இறக்குமதி செய்வதற்கு வரி போடவோ தடை விதிக்கவோ வழி வேண்டும் என்று முன்மொழிந்தார். புரட்சியின் கொள்கைகளுக்கு முரணான, அமெரிக்கப் பெயருக்கு இழுக்கான ஒரு விஷயம் சாசனத்தில் இடம்பெறக்கூடாது என்றார். மதமும் மனிதாபிமானமும் இதில் சம்பந்தப்பட்டவை அல்ல, நலன்தான் பேச்சு என்று அதே ரட்லெட்ஜ் அடித்துப் பேசினார். பேரம் பேச அமைத்த குழுவில் மார்ட்டின் உறுப்பினர். வடக்கு மாநிலங்களுக்குக் கப்பல் போக்குவரத்துச் சட்டத்தில் வசதி, அதற்குப் பதிலாகத் தெற்கு மாநிலங்களுக்கு அடிமை இறக்குமதியில் சில வருட அவகாசம் என்று எப்படிக் கைமாற்றிக்கொண்டார்கள் என்பதை உள்ளே இருந்து பார்த்து, பின்னால் வெளியே போட்டு உடைத்தவரும் அவர்தான். இவ்வளவும் பேசியவர் தன் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். இதற்கு நல்ல சமாதானம் எதுவும் இல்லை, தேடவும் வேண்டாம்.

செப்டம்பர் 4 வாக்கில் கையெழுத்துப் போடாமலே பிலடெல்பியாவை விட்டுக் கிளம்பினார். மாநாட்டின் பேச்சுகள் ரகசியம் என்பது விதி. ஆனால் மேரிலாந்து சட்டமன்றம் தன் பிரதிநிதிகளை அழைத்துக் கேட்டபோது, 1787 நவம்பர் 29 அன்று நடந்ததை எல்லாம் கொட்டினார். அது விரிந்து பால்டிமோர் பத்திரிகையில் தொடராக வந்தது, பிறகு 'உண்மைத் தகவல்' என்ற தலைப்பில் தனியாக அச்சானது. மாடிசனின் குறிப்புகள் வெளிவந்தது 1840-ல். அதுவரை அந்த மூடிய கதவுக்குள் என்ன நடந்தது என்பதற்குப் பொதுமக்கள் கையில் இருந்த மிகச் சில சாட்சியங்களில் இது ஒன்று. ஒருதலைப்பட்சமானதுதான். அடித்தொண்டையில் கத்துகிற எழுத்துதான். ஆனால் சிவில் வழக்குகளில் ஜூரி விசாரணைக்கு உத்தரவாதம் இல்லை என்று அவர் போட்ட கூச்சலுக்கு, சில வருடங்களில் ஏழாவது திருத்தம் பதில் சொல்லிற்று.

இனி கட்சி மாறியது. 1788 ஏப்ரலில் மேரிலாந்து 63-க்கு 11 என்று சாசனத்தை ஏற்றது. எதிர்த்த 11 பேரில் மார்ட்டின் உண்டு, அவர் நண்பர் சாமுவேல் சேஸ் உண்டு, வில்லியம் பிங்க்னி என்ற இளைஞரும் உண்டு. சேஸ் பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் தீவிர ஃபெடரலிஸ்ட் நீதிபதி. பிங்க்னியோ, 1819-ல் மெக்கல்லோ வழக்கில் வங்கி சார்பில், மேரிலாந்துக்கு எதிராக நின்று அசத்தியவர். ஆக, மார்ட்டின் மாறியது தனிப்பட்ட அதிசயம் ஒன்றும் இல்லை. சாசனம் வந்துவிட்டது, திருத்தங்களும் வந்தன, எதிர்த்தவர்களில் பலர் ஏற்றுக்கொண்டு பிழைப்பைப் பார்த்தார்கள்.

மார்ட்டின் விஷயத்தில் கூடுதலாக ஒன்று இருந்தது, ஃபெடரலிஸ்டுகளின் எதிர்க்கட்சித் தலைவரும் பின்னாளில் அதிபருமான தாமஸ் ஜெபர்சன் மேல் வெறுப்பு. 1783-ல் அவர் மணந்த மரியா, எல்லைப்புறப் போர்வீரர் மைக்கேல் கிரேசப்பின் மகள். மிங்கோ பழங்குடித் தலைவர் லோகனின் குடும்பத்தாரை 1774-ல் கொன்றது கிரேசப் என்று ஜெபர்சன் விர்ஜினியா பற்றிய தன் நூலில் அச்சிட்டிருந்தார். குடும்பத்தை இழந்த லோகன் கிரேசப்பைக் குற்றம் சாட்டிப் பேசிய உரையும் அந்த நூலில் இருந்தது. 1797-ல் ஒரு நடிகர் பிலடெல்பியா மேடையில் அந்த உரையைச் சொல்லிக் கைதட்டு வாங்கவே, மார்ட்டின் வெடித்தார். பத்திரிகையில் ஜெபர்சனுக்குப் பகிரங்கக் கடிதம் மேல் கடிதம். யெல்லோ க்ரீக்கில் அந்தக் கொலைகளை நடத்தியது டேனியல் கிரேட்ஹவுஸ் கூட்டம், கிரேசப் அங்கே இல்லை. இதில் மார்ட்டின் சொன்னது சரி. ஆனால் அதற்குச் சில நாள் முன்பு கிரேசப்பின் ஆட்கள் வேறு பழங்குடியினரைக் கொன்றிருந்தார்கள், மாமனார் அப்பழுக்கற்றவர் அல்ல. ஜெபர்சன் நேரடியாகப் பதில் சொல்லவில்லை, 1800-ல் ஒரு பின்னிணைப்பு போட்டுத் தன் வாசகத்தைத் திருத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜெபர்சனுக்கு யார் எதிரியோ அவர்களுக்கெல்லாம் மார்ட்டின் வக்கீல். சேஸ் மேல் ஜெபர்சன் கட்சியினர் பதவி நீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தபோது செனட்டில் வாதாடினார். குற்றமாக வழக்குப் போடத்தக்க செயல் இருந்தாலொழிய நீதிபதியை நீக்க முடியாது என்றார். 34 பேர் கொண்ட செனட்டில் 23 ஓட்டு தேவை, எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19-க்கு மேல் விழவில்லை. 1805 மார்ச் 1 அன்று சேஸ் தப்பினார். அந்த விசாரணைக்குத் தலைமை தாங்கிய துணை அதிபர் ஆரன் பர் இரண்டே ஆண்டில் ரிச்மண்டில் தேசத்துரோகக் கைதியாக நின்றபோது, மார்ட்டின் அவருக்காகவும் நின்றார். குற்றவாளி என்பதில் சந்தேகமே இல்லை என்று தீர்ப்புக்கு முன்பே அறிவிக்க இந்த அதிபர் என்ன கடவுளா என்ற பொருளில் அவர் முழங்கியது பதிவில் இருக்கிறது. கோபம் தாங்காத ஜெபர்சன் அரசு வக்கீலுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கொள்கையற்ற திமிர்பிடித்த ஃபெடரல் புல்டாக்கையும் பருக்கு உடந்தையாகச் சேர்த்து உள்ளே தள்ளலாமா என்று கேட்டார். பர் விடுதலையானார். 1807 நவம்பரில் பால்டிமோரில் ஒரு கூட்டம் பரையும் தலைமை நீதிபதி மார்ஷலையும் மார்ட்டினையும் கொடும்பாவி கட்டித் தூக்கிலிட்டது. இதில் கட்சிக் கொள்கை கால்வாசி இருக்கும். மிச்சம் நட்பும் பகையும், குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம் நிற்கும் வக்கீல் குணமும்தான். இது என் மதிப்பீடு, ஆவணம் சொல்வது அல்ல.

இப்போது 1819. காங்கிரஸ் சட்டத்தால் உருவான அமெரிக்க வங்கியின் பால்டிமோர் கிளை மீது மேரிலாந்து போட்ட வரி செல்லுமா என்பது வழக்கு. முத்திரைத்தாள் வரி கட்டு, இல்லாவிட்டால் ஆண்டுக்கு 15,000 டாலர் மொத்தமாகக் கட்டு என்றது 1818-ன் மாநிலச் சட்டம். வாதம் பிப்ரவரி 22 முதல் மார்ச் 3 வரை நீண்டது. வங்கிக்கு வக்கீல்கள் வெப்ஸ்டர், வர்ட், பிங்க்னி. மார்ட்டின் எடுத்த ஆயுதம் எளிமையானது. சாசனத்தை ஏற்கச் சொல்லி 1787-88-ல் ஆதரவாளர்கள் எழுதிய கட்டுரைகளையும், விர்ஜினியா, நியூயார்க் ஏற்பு மாநாடுகளில் அவர்கள் பேசியதையும் எடுத்துப் படித்தார். மத்திய அரசுக்கு எண்ணிக் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் என்று அன்று சத்தியம் செய்தீர்களே, இன்று மறைமுக அதிகாரம், சாசனத்தில் எழுதாவிட்டாலும் அதில் அடங்கியது, என்கிறீர்களே என்று கேட்டார். விர்ஜினியா மாநாட்டில் மார்ஷலே பேசியதையும் அவர் படித்ததாகவும், இளவயதில் ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்லித் தொலைத்திருப்போமோ என்று மார்ஷல் பயந்ததாகவும் ஒரு கதை உண்டு. முதல் பாதிக்கு வழக்கறிக்கை ஓரளவு ஆதரவு தருகிறது, இரண்டாம் பாதி பின்னால் சொல்லிக்கொண்டது.

வாதம் முடிந்த மூன்றாம் நாள், மார்ச் 6 அன்று, மேரிலாந்தின் வரி செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. மார்ஷல் சாய்ந்து நின்ற தூண்களில் ஒன்று உச்சச் சட்ட விதி. மாநில நீதிபதிகள் கையில் இருக்கட்டும் என்று மார்ட்டின் 32 ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்தது, வளர்ந்து உருமாறி, மத்திய நீதிமன்றத்தின் கையிலிருந்து அவர் மாநிலத்தின் மீதே விழுந்தது. ஆக, கொள்கை இருந்ததா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: கட்சி விஷயத்தில் இல்லை, மாநில விஷயத்தில் இருந்தது. 1787-ல் அவர் எச்சரித்ததும் 1819-ல் அவர் வாதாடியதும் ஒரே வழக்குத்தான்.

அதே வருடம் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. 1822-ல் பதவியை விட்டார். சம்பாதித்ததில் எதுவும் மிஞ்சவில்லை. அவரைக் காப்பாற்ற மேரிலாந்து சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது: மாநிலத்தில் தொழில் செய்யும் ஒவ்வொரு வக்கீலும் ஆண்டுக்கு 5 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், அந்தப் பணம் மார்ட்டினுக்கு. அடுத்த ஆண்டே அது ரத்தானது. கடைசிக் காலத்தில் நியூயார்க்கில் அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஆரன் பர். 1826 ஜூலை 4 அன்று ஜெபர்சன் இறந்தார், அதே மாதம் சில நாள் கழித்து மார்ட்டின் இறந்தார்.

கட்டுரை எழுதுவதாக இருந்தால் ஒரு யோசனை. குடிகாரர், கட்சி மாறி என்ற இரண்டையும் முதல் பத்தியில் வைக்காதீர்கள், அது தேர்வாளரைச் சிரிக்கவைக்குமே தவிர வழக்கை விளக்காது. 1787 ஜூலை 17 வாசகத்தையும் சாசனத்தில் இன்று உள்ள ஆறாவது பிரிவின் வாசகத்தையும் அடுத்தடுத்து எழுதி, இடையில் எந்தெந்தச் சொல் எந்தத் தேதியில் சேர்ந்தது என்று காட்டுங்கள். மேரிலாந்து ஏன் தோற்றது என்பதை அதிலிருந்தே எழுதிவிடலாம்.